1994 முதல் தினக்கூலி, 2002இல் பணிவரன்முறை: விருப்ப ஓய்வில் போவதா, 2027 வரை பொறுப்பதா?

தட்டச்சர்94 கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்நாடு அரசின் ஒரு துறையில் அமைச்சுப் பணியில், அதாவது அலுவலக எழுத்துப் பணியில் இருக்கிறேன். பிறந்த தேதி 1-7-1967. இந்த டிசம்பர் கடைசிக்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1-2-1994இல் தினக்கூலித் தட்டச்சராகச் சேர்ந்தேன். பெயருக்குத்தான் தினக்கூலி, காலை பத்து மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறு வரை முழுநேர வேலை. எட்டு வருடம் இடைவெளி இல்லாமல் அப்படியே ஓடியது. 1-2-2002இல் காலமுறை ஊதியத்தில் பணிவரன்முறை செய்தார்கள், அதாவது முறையான பணியாளராக்கினார்கள். ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) எண் இருக்கிறது, பழைய ஓய்வூதியத் திட்டம்தான்; சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) கிடையாது.

2008இல் என் மகனுக்கு நாலு வயதில் இருதய ஆபரேஷன். கையில் இருந்த விடுப்பையெல்லாம் தீர்த்துவிட்டு, மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஏழு மாதம் ஊதியமில்லா விடுப்பில் இருந்தேன். மருத்துவச் சான்று அவன் பெயரில்தான் இருந்தது, என் பெயரில் இல்லை. இன்று அவன் நன்றாக இருக்கிறான், அது போதும்.

இப்போதைய பிரச்சினை என் கணவர். போன ஆகஸ்டில் பக்கவாதம் வந்து வலது கை, கால் இரண்டும் தளர்ந்துவிட்டன. தினமும் பத்தரை மணிக்கு பிசியோதெரபி. கூட ஒருவர் இருந்து தோளைத் தாங்கினால்தான் எழுந்து நிற்கிறார். மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து 2026 மார்ச் 31இல் விருப்ப ஓய்வில் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். கடிதம் எழுதி ஹேண்ட்பேக்கில் வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை.

அலுவலகத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவு உதவியாளர், "தினக்கூலி காலமெல்லாம் பென்ஷனுக்கு வராதுங்க மேடம், அக்விட்டன்ஸ் ரோல்ல உங்க பேரே இல்ல" என்கிறார். பணிப்பதிவேட்டை (எஸ்.ஆர்.) வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் மேல் வரியில் "1-2-94 முதல் தினக்கூலி" என்று பென்சிலில் யாரோ எழுதியிருக்கிறார்கள். கீழே கையொப்பமும் இல்லை, தேதியும் இல்லை. அதைப் பார்த்ததும் மனசு விட்டுப்போச்சு. எட்டு வருட உழைப்புக்கு ஒரு பென்சில் கோடுதானா என்றுதான் தோன்றியது.

என் கேள்விகள்:

ஓய்வு பெறும் நாள் ஜூன் 30ஆ, ஜூலை 31ஆ? இதிலேயே இரண்டு கருத்து இருக்கிறது. அந்த எட்டு வருடம் சேருமா? விருப்ப ஓய்வில் போனால் மாதம் எவ்வளவு குறையும்? என் நாத்தனார் கணவர் மத்திய அரசில் இருந்தவர். இருபது வருடத்துக்கே முழுப் பென்ஷன் உண்டு என்று அடித்துச் சொல்கிறார். அது எங்களுக்கும் பொருந்துமா?

இப்போதைய அடிப்படை ஊதியம் 56,900. இன்கிரிமெண்ட் ஜூலை 1. ஈட்டிய விடுப்பு 240 நாள் முழுதாக இருக்கிறது. சொந்தக் காரியங்களுக்கான ஈட்டா விடுப்பு 90 நாள் மிச்சம்.

பழைய_எஸ்டாபிளிஷ்மென்ட் எழுதியது:

சகோதரி, முதலில் அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். கணவருக்கு நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நியாயம்தான். அதற்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நான் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பத்தொன்பது வருடம் ஓய்வூதியக் கருத்துருக்கள்தான் (ஓய்வூதியம் கேட்டுக் கணக்காயருக்கு அனுப்பும் முன்மொழிவுகள்) என் மேசையில் இருந்த வேலை.

தேதியில் குழப்பமே வேண்டாம். 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு. ஆனால் மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்களுக்கு அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள். ஆக உங்களுக்கு 30-6-2027. ஓய்வு வயதை 2020 மே மாதம் 58இலிருந்து 59 ஆக்கினார்கள், 2021இல் 60 ஆனது. பழைய வயதே இருந்திருந்தால் 2025 ஜூனிலேயே உங்களுக்கு மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள்.

அடுத்தது தினக்கூலி. இதில்தான் உங்கள் பணம் இருக்கிறது. 1978ஆம் வருட தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் 11ஆம் விதியை எடுத்து அந்த உதவியாளரிடம் காட்டுங்கள். தினக்கூலி, தொகுப்பூதியம், மதிப்பூதியம் எதுவானாலும் முழுநேரமாக, இடைவெளியின்றி வேலை பார்த்து, 1-4-2003க்கு முன் முறையான பணியில் ஈர்க்கப்பட்டிருந்தால் அந்தக் காலத்தில் பாதி, தகுதியுள்ள பணிக்காலமாகச் சேரும். எட்டு வருடத்தில் பாதி நாலு வருடம். இது யாரும் தயவு பண்ணிக் கொடுப்பதில்லை, விதியிலேயே இருக்கிறது.

அக்விட்டன்ஸ் ரோலில் உங்கள் பெயர் இல்லை என்று அவர் சொன்னது உண்மைதான். இருக்கவும் இருக்காது! அது காலமுறை ஊதியக்காரர்கள் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கும் பட்டியல். தினக்கூலியைச் சில்லறைச் செலவினத்தில், கண்டிஜென்ட் பில்லில்தான் எடுப்போம். பழைய கண்டிஜென்ட் பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். பெயர், எத்தனை நாள் வேலை, தினம் எவ்வளவு என்று எழுதி எதிரே கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ரொக்கப் பதிவேட்டிலும் அதே தேதியில் ஒரு வரி இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் யாரும் மறுக்க முடியாது.

இன்னொன்று. 2002இல் வந்த பணிவரன்முறை ஆணையை வீட்டில் தேடுங்கள். அதன் தலைப்பில் "பார்வை" என்று வரிசையாகக் கடிதங்களைப் போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே முதல் பத்தியில் இன்ன தேதி முதல் தினக்கூலி அடிப்படையில் தொடர்ந்து பணிபுரிந்து வருகிறார் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். அப்படி எழுதாமல் வரன்முறை செய்திருக்கவே முடியாது. பல பேர் இந்தத் தாளைப் பீரோவுக்குள் வைத்துக்கொண்டே, ஆதாரம் இல்லை என்று அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

பென்சில் வரிக்கு மதிப்பில்லை. மையில் எழுதி, எந்த ஆவணத்தின் அடிப்படையில் என்று குறிப்பிட்டு, அலுவலகத் தலைவர் தேதியோடு கையொப்பமிட்டால்தான் மாநிலக் கணக்காயர் அலுவலகம் ஏற்கும். என் அனுபவத்தில் கருத்துரு திரும்பி வருவதற்கு முதல் காரணமே இப்படி எஸ்.ஆரில் பாதியில் நிற்கும் வரிகள்தான்.

இப்போது கணக்கு. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

1-2-2002 முதல் 30-6-2027 வரை 25 வருடம் 5 மாதம். தினக்கூலியில் பாதி 4 வருடம். மொத்தம் 29 வருடம் 5 மாதம். ஊதியமில்லா விடுப்பு உங்கள் சொந்த மருத்துவச் சான்றின் பேரில் இருந்தால் சேரும். மகனுக்காக எடுத்தது சேராது, அதனால் 7 மாதம் கழியும். மீதி 28 வருடம் 10 மாதம். இதை அரையாண்டுகளாக மாற்ற வேண்டும். 57 முழு அரையாண்டு போக 4 மாதம் நிற்கிறது. மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு அரையாண்டாக எடுத்துக்கொள்வார்கள். ஆக 58.

நம் மாநிலத்தில் முழு ஓய்வூதியத்துக்கு 30 வருடம், அதாவது 60 அரையாண்டு. கடைசி ஊதியத்தில் பாதியை எடுத்து 58 ஆல் பெருக்கி 60 ஆல் வகுத்தால் உங்கள் ஓய்வூதியம்.

கடைசி ஊதியம் எது என்பதில் உங்களுக்கு ஒரு நல்லது இருக்கிறது. 2026 ஜூலையில் 58,600 ஆவீர்கள். அடுத்த இன்கிரிமெண்ட் 1-7-2027, நீங்கள் போவதோ அதற்கு முதல் நாள். இப்படி ஒரு முழு வருடம் வேலை பார்த்துவிட்டு இன்கிரிமெண்டுக்கு முந்தைய நாள் வயது முதிர்வில் ஓய்வு பெறுகிறவர்களுக்கு, ஓய்வூதியக் கணக்குக்கு மட்டும் அந்த இன்கிரிமெண்டைக் கருத்தியலாகச் சேர்க்கலாம் என்று 2014 டிசம்பரிலேயே தமிழ்நாட்டில் அரசாணை உண்டு. ஆக 60,400. அதில் பாதி 30,200. 58/60 போட்டால் ஏறக்குறைய 29,200 ரூபாய். அதற்கு மேல் அகவிலைப்படி.

இன்னொன்றையும் கவனித்தேன். பிப்ரவரியில் பணியேற்றவருக்கு இன்கிரிமெண்ட் காலாண்டு முதல் நாளான ஜனவரி 1இல் வந்திருக்க வேண்டும். 2008இல் ஏழு மாதம் ஊதியமில்லா விடுப்பு எடுத்ததால் அது செப்டம்பருக்குத் தள்ளிப்போய், காலாண்டுக் கணக்கில் ஜூலை 1 ஆகியிருக்கிறது. எஸ்.ஆரில் அந்த மாற்றம் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கருத்தியல் இன்கிரிமெண்டே அந்தப் பதிவை நம்பித்தான் நிற்கிறது.

தினக்கூலியைச் சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும்? 24 வருடம் 10 மாதம், 50 அரையாண்டு. ஓய்வூதியம் 25,170க்குள் நிற்கும். மாதம் நாலாயிரம் ரூபாய், ஆயுசு முழுக்க. பணிக்கொடையும் குறையும். ஒவ்வொரு அரையாண்டுக்கும் கால் மாத ஊதியம், அகவிலைப்படியும் சேர்த்து. 58 என்றால் பதினாலரை மாதச் சம்பளம், 50 என்றால் பன்னிரண்டரை மாதம். ஏழு மாத விடுப்புக்காக வருத்தப்படாதீர்கள், அது ஒரு அரையாண்டு, மாதம் ஐந்நூறு ரூபாய்தான். பிள்ளைக்காகக் கொடுத்தது. ஆனால் அந்த நாலாயிரத்தை விடக்கூடாது.

விருப்ப ஓய்வு: 50 வயது ஆகியிருந்தாலோ, 20 வருடத் தகுதிப் பணி இருந்தாலோ கேட்கலாம், உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. வெயிட்டேஜ் (விருப்ப ஓய்வில் போகிறவர்களுக்குக் கூடுதலாகச் சேர்க்கும் பணிக்காலம்) அதிகபட்சம் ஐந்து வருடம் என்றாலும் உங்களுக்கு ஓய்வுக்கு மிச்சமிருப்பதே ஒன்றேகால் வருடம், அதைத் தாண்ட முடியாது. 2026 மார்ச் வரை 27 வருடம் 7 மாதம், அதோடு ஒன்றேகால் வருடம் சேர்ந்தால் அதே 28 வருடம் 10 மாதம். அரையாண்டு குறையவில்லை. ஆனால் வெயிட்டேஜ் என்பது பணிக்காலத்துக்கு மட்டும், ஊதியத்துக்கு இல்லை. 56,900இலேயே நின்றுவிடுவீர்கள். ஓய்வூதியம் 27,500 வரும். மாதம் 1,700 குறைவு, பதினைந்து மாதச் சம்பளமும் போகும்.

அதற்குப் பதில் விடுப்பைப் பயன்படுத்துங்கள். ஈட்டா விடுப்பு 90 நாளை எடுங்கள். அரைச் சம்பளம் வரும், பணிக்காலத்தில் ஒரு நாள்கூட குறையாது. ஓய்வின்போது அதைக் காசாக்கினாலும் அதே அரைச் சம்பளம்தான் கிடைக்கும், அதனால் நஷ்டமில்லை. ஈட்டிய விடுப்பு 240இல் முட்டி நிற்கிறது. ஜனவரியிலும் ஜூலையிலும் வரவாகும் பதினைந்து பதினைந்து நாள் எடுக்காவிட்டால் வீணாகத்தான் போகும். அதையும் எடுங்கள். பக்கவாதத்தில் முதல் ஆறேழு மாதப் பயிற்சிதான் முக்கியம் என்று என் தம்பிக்கு வந்தபோது டாக்டர் சொன்னார். அந்தக் காலத்துக்கு இந்த விடுப்பு போதும்.

தென்மண்டலம் எழுதியது:

நான் மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவன். மேடத்தின் நாத்தனார் கணவர் சொன்னது எங்களுக்குச் சரி. 33 வருடம் இருந்தால்தான் முழு ஓய்வூதியம் என்ற விகிதக் கணக்கை 1-1-2006 முதல் எடுத்துவிட்டார்கள். குறைந்தபட்சம் பத்து வருடம் இருந்தால் 50 சதவீதம். அந்தச் சலுகை வந்தபோது விருப்ப ஓய்வுக்கான வெயிட்டேஜையும் நிறுத்தினார்கள். இதெல்லாம் 1-1-2004க்கு முன் சேர்ந்தவர்களுக்கு. பின்னால் வந்தவர்களுக்கு என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்), 1-4-2025 முதல் யு.பி.எஸ். (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) தெரிவும் உண்டு, அதில் 25 வருடம் முடித்தால் கடைசி 12 மாத சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி. விடுப்பைக் காசாக்குவதும் எங்களுக்கு 300 நாள், உங்களுக்கு 240. கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வது) எங்களுக்கு 40 சதவீதம், உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. உறவுக்காரர் கணக்கை வைத்து முடிவு எடுக்காதீர்கள், இரண்டும் வேறு வேறு விதிகள்.

மே2003 எழுதியது:

அக்கா, நானும் தினக்கூலியில் வந்தவன்தான். 1998 முதல் டிரைவர். பணிவரன்முறை ஆணை கையில் கிடைத்தது 2003 மே மாதம். ஏப்ரல் 1ஐத் தாண்டி நாற்பது நாள். கோப்பு அதற்கு முந்தைய டிசம்பரிலேயே போய்விட்டது, ஏதோ ஒரு மேசையில் தூங்கியது. அந்த நாற்பது நாளில் நான் சி.பி.எஸ். பக்கம் வந்துவிட்டேன். சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் மாதாமாதம் பத்து சதவீதம் பிடிக்கிறார்கள். 11ஆம் விதியில் எனக்கு இடமில்லை, அந்த ஐந்து வருடம் எதிலும் சேராது.

உங்களுக்குச் சேருகிறது அக்கா. விட்டுவிடாதீர்கள். அந்த உதவியாளர் இல்லை என்று வாயால் சொன்னால் ஏற்றுக்கொண்டு வராதீர்கள். எழுத்தில் மனு கொடுத்து, நகலில் ரசீது முத்திரை வாங்குங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டும்.

தட்டச்சர்94 எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். அதைச் சொல்லத்தான் மறுபடி வந்தேன்.

பணிவரன்முறை ஆணை வீட்டிலேயே இருந்தது. மகனின் பழைய ஆஸ்பத்திரி ஃபைலுக்குள் சொருகி வைத்திருக்கிறேன், எப்போது வைத்தேன் என்றே நினைவில்லை. பார்வை வரிசைக்குக் கீழே இரண்டாவது வரியில் "1-2-1994 முதல் தொடர்ச்சியாகத் தினக்கூலி அடிப்படையில்" என்று இருக்கிறது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை பதிவறை எழுத்தரோடு போய்ப் பழைய கட்டுகளைப் பிரித்தோம். 1996 முதல் உள்ள கண்டிஜென்ட் பதிவேடுகள் இருக்கின்றன. 1994, 95 கிடைக்கவில்லை. 96 ஜூன் பக்கத்தில் என் கையெழுத்து. அப்போது இனிஷியலைப் பின்னால் போடுவேன், கல்யாணத்துக்குப் பிறகுதான் மாற்றினேன். 26 நாள் என்று எழுதி எதிரே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மனு கொடுத்து நகலில் முத்திரையும் வாங்கிவிட்டேன், தம்பி மே2003க்கு நன்றி. உங்கள் கோப்பைத் தூங்க வைத்தவர்களை நினைத்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது. விருப்ப ஓய்வுக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். ஜனவரி 2 முதல் ஈட்டா விடுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கிடைக்காத இரண்டு வருடத்துக்கு என்ன செய்வது? கம்யூட்டேஷன் எடுக்கலாமா, அதையும் சொல்லிவிடுங்கள்.

பழைய_எஸ்டாபிளிஷ்மென்ட் எழுதியது:

ரொம்ப சந்தோஷம் சகோதரி. கிடைக்காத இரண்டு வருடத்துக்கு அந்த ஆணையின் வரியே பேசும். "தொடர்ச்சியாக" என்ற சொல் இருக்கிறதே, அதுதான் முக்கியம். அலுவலகத் தலைவரிடம் பணிச்சான்று கேளுங்கள். 94, 95க்கு ஆணையையும், 96 முதல் பதிவேட்டுப் பக்கங்களையும் அதில் மேற்கோள் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களை இன்றே நகலெடுத்து மேலொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள், பதிவறைக் கட்டுகளை நம்பி விடாதீர்கள். பென்சில் வரியை அழிக்கச் சொல்ல வேண்டாம், அதற்குக் கீழே மையில் புதிதாக எழுதினால் போதும்.

கம்யூட்டேஷனில் மூன்றில் ஒரு பங்கு என்றால் மாதம் சுமார் 9,700 ரூபாய் பிடித்தம், பதினைந்து வருடம் கழித்துத் திரும்ப வரும். அகவிலைப்படியை முழு ஓய்வூதியத்துக்கும் கணக்கிடுவார்கள். பின்னால் குடும்ப ஓய்வூதியத்தையும் இது பாதிக்காது. வைத்தியச் செலவுக்குக் கடன் இருந்தால் எடுங்கள். பணிக்கொடையும் 240 நாள் விடுப்புப் பணமுமே போதும் என்றால் அவசரப்பட வேண்டாம். ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள், அதுவரை யோசிக்கலாம்.

எஸ்.ஆரில் வாரிசு நியமனப் பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இனிஷியலை மாற்றியதாகச் சொன்னீர்கள். நியமனம், ஜி.பி.எஃப்., வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் விடுப்பில் போவதற்கு முன்னாலேயே திருத்த மனு கொடுத்துவிடுங்கள்.